பாதிக்குப் பாதி

மழை வருமா என்று அவளிடம் கேட்டால் வானத்தைப் பார்க்க மாட்டாள், கேட்டவரைப் பார்ப்பாள். "எதெல்லாம் தெரிஞ்ச பிறகு கேக்கறீங்க?" என்பாள். காலையில் சாமுண்டி மலை கண்ணுக்குத் தெரிந்ததா, நேற்று சாயங்காலம் பெய்ததா, இது என்ன மாதம், இதெல்லாம் தெரிந்தால் ஒரு பதில். ஒன்றும் தெரியாமல் கேட்டால் வேறு பதில். குடை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று கேட்க வந்தவர்கள் பேசாமல் குடையோடு கிளம்பிவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெங்களூர் ஹெப்பாள் இல்லை, சாமுண்டி மலை தெரியும் எங்கள் ஊர் ஹெப்பாளில் மின் ஸ்விட்சுகள் செய்யும் ஒரு கம்பெனியில், தர ஆய்வுப் பிரிவில், நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் டிப்ளமா முடித்துவிட்டு வந்தவள். அவள் புள்ளியியலில் எம்.எஸ்சி.; என்னைவிடச் சில வயது பெரியவள். அவள் அப்பா ரயில்வே பணிமனையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பா ராமாபுரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து மேஸ்திரி ஆனவர். எங்கள் வீட்டுத் தமிழும் அவர்கள் வீட்டுத் தமிழும் ஒன்றல்ல. ஆனால் கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து பேசிப் பேசி இரண்டும் கலந்துபோயின. தோழிகளுக்குள் சொல்லும் கன்னடக் 'கணே' இல்லாமல் அவளுக்கு ஒரு வாக்கியம் முடியாது.

ஆய்வு என்றால் எல்லா ஸ்விட்சையும் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு பெட்டியிலிருந்து சிலவற்றை எடுத்துப் பார்த்து முழுப் பெட்டியையும் அனுப்பலாமா கூடாதா என்று முடிவு செய்வோம். எடுத்ததைத் திருப்பிப் போடுவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அவள் போடும் கணக்கு இதிலிருந்துதான் ஆரம்பிக்கும். பத்து ஸ்விட்ச், அதில் மூன்று கெட்டது. முதலில் எடுத்தது கெட்டது. அடுத்ததும் கெட்டதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? பத்தில் மூன்று என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். மிச்சம் இருப்பது ஒன்பது, அதில் கெட்டது இரண்டு. ஆகவே ஒன்பதில் இரண்டு. இது சுலபம். அடுத்ததில்தான் மாட்டிக்கொள்வார்கள். முதலில் எடுத்ததைப் பார்க்காமலே பையில் போட்டாயிற்று. இப்போது இரண்டாவது கெட்டதாக இருக்க எவ்வளவு? ஒன்பதைக் கீழே எழுதிவிட்டு மேலே என்ன எழுதுவது என்று தவிப்பார்கள். பதில் பழையபடி பத்தில் மூன்றுதான். பையில் இருப்பது நமக்கு ஒன்றும் சொல்லவில்லையே, அப்புறம் எப்படி மாறும் என்பாள்.

அதற்கும் மேல் ஒன்று வைத்திருந்தாள். பையில் இருப்பதை இன்னும் பார்க்கவில்லை. இரண்டாவதைப் பார்த்தோம், கெட்டது. இப்போது பையில் இருப்பது கெட்டதாக இருக்க எவ்வளவு? அதுவும் ஒன்பதில் இரண்டாகிவிட்டது என்று அவள் சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னால் எடுத்தது முன்னால் எடுத்ததை எப்படி மாற்றும் என்று சண்டை போட்டேன்.

"நடந்ததை மாத்தாது கணே," என்றாள். "நமக்குத் தெரிஞ்சதை மாத்தும். தெரிஞ்சதை வெச்சுத்தானே கணக்கு போடறோம்."

கேன்டீனில் ஒருவர் வாராவாரம் லாட்டரிச் சீட்டு வாங்குவார். இத்தனை வாரம் விழாததால் இந்த வாரம் விழுந்தே தீரும் என்பார். போன வாரச் சீட்டுக்கும் இந்த வாரச் சீட்டுக்கும் ஒரு உறவும் இல்லை என்று சாப்பாட்டு நேரம் முழுக்க அவருக்கு எடுத்துச் சொன்னாள். அவர் மறுநாள் வேறு மேஜைக்குப் போய்விட்டார். அதே மனிதர், ஒரு மிஷினில் காலையில் வந்த சரக்கு மோசமாக இருந்தால், மத்தியானச் சரக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று வாதாடுவார்.

"சம்பந்தம் இருக்கற எடத்துல இல்லேங்கறாங்க. இல்லாத எடத்துல இருக்குங்கறாங்க," என்பாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் கேலி இருக்காது. யாரோ வீட்டில் ஏதோ நடந்துவிட்டதைச் சொல்வதுபோல் இருக்கும். அது ஏன் என்று அவள் வீட்டுக்குப் போனபோது தெரிந்தது.

அவரைக்காய் சீசன். கூடத்தில் அவள் அம்மா ஒரு முறத்தில் காயைக் குவித்து வைத்துக் கொட்டையை உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து கை கொடுத்தேன். சுவரில் பள்ளிக்கூட டை கட்டிய ஒரு பையனின் படம் மாலையோடு இருந்தது. அவளுடைய தம்பி.

"பல்லு ஆடுதுன்னு புடுங்கினாங்கம்மா," என்றார் அம்மா. "ரத்தம் நிக்கவே இல்ல."

அந்த அம்மாவின் தம்பியும் சின்ன வயதில் அப்படித்தான் போனாராம். மரத்திலிருந்து விழுந்து முழங்கால் வீங்கி, யாருக்கும் என்னவென்று புரியாமல். மகன் விஷயத்தில்தான் டாக்டர் அதற்கு ஹீமோஃபிலியா என்று ஒரு பேர் இருக்கிறது என்று சொன்னார். ரத்தம் உறையாத நோய். பெண்கள் வழியாக இறங்கும், ஆனால் அவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆண் குழந்தைகளைப் பிடிக்கும். குறையைச் சுமக்கிற அம்மாவிடமிருந்து அது ஒவ்வொரு குழந்தைக்கும் இறங்க வாய்ப்பு பாதி.

"எங்கிட்டேர்ந்துதான் போச்சாம்," என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த காயை எடுத்தார்.

சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது. "உங்கிட்டேர்ந்து இல்லம்மா. உன் வழியா."

இதை அந்த வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்க வேண்டும். அம்மா தலை நிமிரவில்லை.

மறுநாள் பஸ்ஸில் நான் மெதுவாக ஆரம்பித்தேன். அவள் அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான், ஓடியாடி விளையாடுகிறான். அப்படியானால் அக்கா நல்லதை எடுத்துக்கொண்டுவிட்டாள், உனக்குக் கெட்டதுதான் மிச்சமா என்று கேட்டேன். அவளுடைய ஸ்விட்ச் கணக்கை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டதாக எனக்கு நினைப்பு. அவள் சிரித்துவிட்டாள்.

"அம்மா பெட்டி இல்ல கணே. பெட்டியில எடுத்தா குறையும். அம்மாகிட்ட எடுத்தா எதுவும் குறையாது. தம்பி எதை எடுத்திருந்தாலும், அக்கா எதை எடுத்திருந்தாலும், எனக்குப் புதுசா பாதிக்குப் பாதி."

அக்காவின் கணக்கையும் போட்டுக் காட்டினாள். நான்கு அக்காக்கள் இருப்பதாக வைத்துக்கொள். இரண்டு பேருக்கு அந்தக் குறை இருக்கிறது, இரண்டு பேருக்கு இல்லை. நான்கு பேருக்கும் ஆளுக்கொரு பையன். குறை இருக்கிற இரண்டு பேரில் ஒருத்தியின் பையனுக்கு நோய் வரும். அவளைத் தள்ளிவிடு. நல்ல பையன் பெற்ற மூன்று அக்காக்கள் மிச்சம், அதில் ஒருத்திக்குத்தான் குறை. ஆக, அக்காவுக்குப் பாதியாக இருந்தது மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. அக்காவுக்குக் குறைந்ததே தவிர இவளுக்குக் குறையவில்லை. ஏனென்றால் அந்தப் பையன் அக்காவைப் பற்றித்தான் சொல்கிறான், சித்தியைப் பற்றிச் சொல்லவில்லை.

பஸ் தொழிற்பேட்டைக்குள் திரும்பியது. அவள் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள்.

கொள்முதல் பிரிவில் இருந்தவர் ஒருநாள் எங்கள் பிரிவுக்குச் சண்டை போட வந்தார். ஸ்பிரிங் சப்ளை செய்தவனின் சரக்கை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று கோபம். அவள் அவரை உட்காரவைத்துப் பையில் போட்ட ஸ்விட்ச் கணக்கைக் கேட்டாள். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, "பத்தில் மூணு. பார்க்கலையே," என்றார். யாரும் சொல்லித்தராமல் அந்தப் பதிலைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அதன் பிறகு அவர் சண்டை போட வரவில்லை. சும்மாவே வந்தார்.

தேவராஜ மொஹல்லாவில் அவர் வீட்டாருக்குப் பூஜைச் சாமான் கடை. இரண்டு தலைமுறைக்கு முன் சேலத்துப் பக்கமிருந்து வந்த குடும்பம். சாதியில் பெரிய இடைஞ்சல் இல்லை. அவர் வீட்டில் பேசினார், அம்மாவையும் ஒரு மாமாவையும் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தார். அக்கா முன்கூட்டியே வந்து, தம்பியைப் பற்றிக் கேட்டால் காய்ச்சல் என்று சொல்லிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தாள். என்னையும் வரச் சொல்லியிருந்ததால் காபி டம்ளர்களோடு நான் கதவருகில் நின்றிருந்தேன்.

அவருடைய அம்மா படத்தைப் பார்த்தார். அக்கா காய்ச்சல் என்றாள்.

"காய்ச்சல் இல்லீங்க," என்றாள் அவள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் தம்பியை, தன் தம்பியை, தனக்கு இருக்கிற பாதியை. தனக்கு அது இருந்தால் பிறக்கிற ஆண் குழந்தைக்கு மறுபடி பாதி என்பதையும். அக்காவின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வாசலில் டயர் ஓட்டிக்கொண்டிருந்த அக்காவின் பையனைக் காட்டி, இவன் நன்றாகத்தானே இருக்கிறான், அப்படியானால் உனக்கும் இருக்காது என்றார். எல்லாருக்கும் மூச்சு வந்தது. அந்த இடத்தில் அவள் பேசாமல் இருந்திருக்கலாம்.

"அவன் நல்லா இருக்கறது அக்காவுக்குத்தாங்க நல்லது. எனக்கு அதே பாதிதான்," என்றாள்.

அந்த அம்மாளின் மகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது அவர் அம்மா, பொய் சொல்லத் தெரியாத பெண், வீட்டுக்கு நல்லது என்று சொன்னதாகப் பிறகு அவரே வந்து சொன்னார். அந்தப் பாதியை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். குழந்தையே வேண்டாம் என்றாலும் சரி என்றார். அக்கா இரண்டாவது பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்ததால், அது முடிந்து நிச்சயதார்த்தம் என்று பேசி வைத்தார்கள். அந்த மாதங்களில் அவள் பஸ்ஸில் கணக்குப் போட்டதாக நினைவில்லை. புடவைக் கடைகளைப் பற்றிப் பேசினாள். அவளுக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அக்காவுக்கு இரண்டாவதும் பையன். தவழ ஆரம்பித்தபோது முழங்கால்களில் நீலம் கட்டியது. முதலில் எறும்பு கடித்திருக்கும் என்றார்கள். உதட்டில் ஒரு சின்னக் கீறல் இரண்டு நாளாகக் கசிந்தபோது அவள் அம்மா தலையைச் சுவரில் முட்டிக்கொண்டார் என்று அவள் சொன்னாள். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அதேதான்.

நிச்சயதார்த்தம் தள்ளிப்போயிருந்தது. குழந்தையைப் பார்க்க வந்த அவருடைய அம்மா, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். மறுவாரம் மாமாவோடும் மகனோடும் வந்தார். அன்றும் நான் அங்கே இருந்தேன்.

"அக்காவுக்கே இருக்கேம்மா," என்றார்.

அவள் தரையில் உட்கார்ந்து நிதானமாகத்தான் பேசினாள். "பெரியவன் நல்லா இருக்கான், அதனால உனக்கு இருக்காதுன்னீங்க. நான் ஒத்துக்கல. இப்ப சின்னவனுக்கு இருக்கு, அதனால உனக்கும் இருக்கும்கறீங்க. இதையும் நான் எப்படி ஒத்துக்கறது? அன்னிக்கும் பாதி, இன்னிக்கும் பாதி. என் விஷயத்துல ஒண்ணும் மாறலைங்க."

"நீ சொல்றது சரியா இருக்கும்," என்றார் அந்த அம்மாள். "ஆனா நான் அந்தக் கொழந்தையைத் தூக்கிப் பார்த்தேன்மா. காலெல்லாம் நீலமா இருக்கு."

 அவள் அந்த அம்மாளின் மகனைப் பார்த்தாள். அங்கே இருந்தவர்களில் அவள் கணக்கு முழுக்கப் புரிந்தவர் அவர் ஒருவர்தான். என்ன சொல்லப் போகிறார் என்று நானும் பார்த்தேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"கொஞ்ச நாள் போகட்டும்," என்றார்.

அவர்கள் போன பிறகு அவள் அழவில்லை. பாத்திரங்களைக் கழுவினாள். அவள் அம்மா மட்டும், என் வயிற்றில் பிறந்ததால்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நாள் பல மாதங்களாயிற்று. முதலில் அவர் பெங்களூர் அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். பிறகு அவருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்ற செய்தி வந்தது.

வேலூர் டாக்டர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். நோய் உள்ள ஒருவரின் ரத்தத்தை வைத்துக்கொண்டு குடும்பத்தில் மற்றவர்களுக்கு அந்தக் குறை இறங்கியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். தம்பி போன காலத்தில் அதற்கு வழி இல்லை. இப்போது குழந்தை இருப்பதால் முடியும். அக்கா வற்புறுத்தி அவளை அழைத்துப்போய் ரத்தம் கொடுக்கவைத்தாள். பதில் வர நாளாகும் என்றார்கள். இதை அவரிடம் சொல்லச் சொன்னேன். பதில் தெரியாமல் என்னவென்று சொல்வது, இன்னும் பாதிதானே என்றாள்.

அவருடைய கல்யாணப் பத்திரிகை எங்கள் பிரிவுக்கு வந்த வாரத்தில், அக்கா குழந்தையோடு மறுபடியும் வேலூர் போயிருந்தாள். மத்தியானம் பிரிவின் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அக்கா.

"இல்லையாம். அவளுக்கு இல்லையாம்," என்றாள். 

ரிசீவரை அவளிடம் கொடுத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கடைசியில், "கொழந்தை சாப்பிட்டானா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

பத்திரிகை எங்கள் மேஜை மேல்தான் கிடந்தது. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. நானே பெங்களூருக்கு ஒரு போன் போடுகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போட்டு?"

"அவருக்குத் தெரிய வேண்டாமா?"

"அந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணினா கணே? பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு. இது தெரிஞ்சா அவரால அந்தக் கல்யாணத்தைச் சந்தோஷமாவும் பண்ண முடியாது, நிறுத்தவும் முடியாது. தெரியாமலே இருக்கட்டும்."

நியாயம் அவள் பக்கம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கும் சரஸ்வதிபுரம் வரும்போது, டாக்டர் நூற்றுக்கு நூறு என்று சொல்லவில்லையாம், கொஞ்சம் பிசகலாமாம், ஆனாலும் இது போதும் என்றாள். எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை. இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டொரு வரன் வந்தது. அவள் யாரையும் வரவிடவில்லை. அப்பா காலமானார். அக்கா குடும்பம் அதே தெருவுக்கு வந்துவிட்டது. சின்னவனை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போவது, ரத்தம் கிடைக்க அலைவது, பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது எல்லாம் அவள் வேலையாயிற்று. வேலூர் முடிவு தெரிந்த நாளிலிருந்து அவள் அம்மா அவளிடம் அதிகம் பேசுவதில்லை. இவளுக்குக் குறை இருக்கிறது என்று நினைத்தபோது தாங்கிக்கொண்ட அம்மாவுக்கு, இல்லை என்று தெரிந்தபிறகு தாங்க முடியவில்லை.

பெங்களூர் போனவரை மறுபடி பார்த்தது தொண்ணூறுகளின் கடைசியில். எனக்குக் கல்யாணமாகி, வேலையை விட்டு, முதல் குழந்தை கையில் இருந்த சமயம். கௌரி பண்டிகைக்கு முந்தின நாள் அவளும் நானும் தேவராஜ மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டிருந்தோம். கூட்டம் நெரிந்தது. வெற்றிலைக் கடைப் பக்கமிருந்து அவர் வந்தார். முன்வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. மனைவி கொஞ்சம் தள்ளி வெற்றிலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். மூன்று வயது இருக்கும், ஒரு பையன் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

என்னிடம் இரண்டு வார்த்தை விசாரித்தார். பிறகு அவளிடம் அக்கா பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். பள்ளிக்கூடம் போகிறான், கணக்கு நன்றாகப் போடுகிறான் என்றாள். 

"உங்களுக்கு... பார்த்தீங்களா?" என்றார்.

"பார்த்தேன். எனக்கு இல்லைன்னுதான் வந்தது."

அவர் முகம் அப்படியே நின்றது. மனைவி இருக்கும் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்ப?"

நான் அவளைப் பார்த்தேன்.

"போன வருஷம்தான்," என்றாள். "இப்பத்தான் அந்த டெஸ்ட்டெல்லாம் நல்லா பண்றாங்க."

அவர் தலையை ஆட்டினார். தோள்கள் இறங்குவது தெரிந்தது. நல்லது, நல்லது என்று இரண்டுமுறை சொன்னார்.

அதற்குள் பையன் அவர் சட்டையை விட்டுவிட்டு ஓடினான். பூக்காரிகள் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கல் வழுக்கிக் கிடந்தது. குப்புற விழுந்தான். எழுந்து உட்கார்ந்தபோது முழங்கால் சிராய்த்து ரத்தம் முத்துமுத்தாக எட்டிப் பார்த்தது. அவன் அம்மா அங்கிருந்தே, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல, எழுந்திரு என்றார். அவர் குனிவதற்கு முன் அவள் ஈரத்தில் மண்டியிட்டுவிட்டாள். கைக்குட்டையை நான்காக மடித்து அந்த முழங்காலின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பையன் அழ மறந்து அவளைப் பார்த்தான். அவனுக்கு வலிக்கக்கூட இல்லை. அவர் மெதுவாக, விடுங்க, நின்னிருக்கும் என்றார். அவள் கைக்குட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். நின்றிருந்தது. மறுபடியும் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு, கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போக, அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.